ஓராண்டுத் தாமதமும் உயர்கல்வியின் வாயிலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் மும்பை நகரத் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எந்தக் கல்லூரி, எந்தப் பாடம்? மதிப்பெண்ணும் இடமும் கிடைத்த பின்னரும் கல்லூரிக்குச் செல்லும் மனநிலையில் மாணவர் இல்லாமற்போகலாம் என்பது அக்கேள்விக்குள் அடங்குவதில்லை. அவ்வாறு நேர்ந்தால் குடும்பத்தின் முன் இரண்டு வழிகளே இருப்பதாகக் கருதப்படுகிறது. நோயோடு மாணவரைக் கல்லூரிக்கு அனுப்புவது ஒன்று. படிப்பையே விட்டுவிடச் செய்வது மற்றொன்று. ஓராண்டு தள்ளிச் சேர்வது என்னும் மூன்றாவது வழி பலருடைய நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வந்தாலும், அதற்கு உதவும் விதிகள் எவை, இடையூறாக உள்ளவை எவை என்பது குடும்பத்தினருக்கும் தெரிவதில்லை. சேர்க்கைப் பிரிவில் பணியாற்றும் அலுவலர் பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

நோய் தொடங்கும் வயது

இச்சிக்கல் ஒரு சிலருக்கே உரியதன்று. பல நாடுகளில் நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, மனநோய்க்கு ஆளாகிறவர்களுள் ஏறத்தாழ 48 விழுக்காட்டினருக்கு 18 வயதுக்குள்ளும், 62 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோருக்கு 25 வயதுக்குள்ளும் நோய் தொடங்கிவிடுகிறது. பள்ளியை விட்டுக் கல்லூரிக்குள் நுழையும் வயதும் மனநோய் தலைகாட்டும் வயதும் ஒன்றாகவே அமைந்துள்ளன.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. பெருநகரங்களில் மட்டும் இது 13.5 விழுக்காடாக இருந்தது. சிகிச்சை பெறாதோர் விகிதம் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. மகாராஷ்டிரம் அந்த 12 மாநிலங்களுள் இடம்பெறவில்லை; தமிழ்நாடு இடம்பெற்றது. எனினும் பெருநகரங்களைப் பற்றிய இம்முடிவு மும்பைக்குப் பொருந்தாது என்று கருதக் காரணம் எதுவும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவின்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். மாநில வரிசையில் முதலிடத்தில் மகாராஷ்டிரமும் அடுத்த இடத்தில் தமிழ்நாடும் இருந்தன. மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விரு மாநிலங்களுமே சொந்த மாநிலங்கள்.

ஓராண்டு இடைவெளி நம் சமுதாயத்திற்குப் புதியதன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மருத்துவம், பொறியியல் நுழைவுத் தேர்வுகளில் போதிய தரவரிசை பெறாதவர் மறுமுறை எழுதுவதற்காக ஓராண்டோ ஈராண்டோ கல்லூரியில் சேராமல் பயிற்சி நிலையத்திற்குச் செல்கிறார். 'டிராப்' என்று அழைக்கப்படும் அந்த ஆண்டைப் பற்றி உறவினர் எவரும் குறை கூறுவதில்லை. கடன் வாங்கியும் பணம் கட்டுகிறார்கள். அதே ஓராண்டு மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவதற்காக என்றால் அது மறைக்க வேண்டிய செய்தியாகிவிடுகிறது. காலத்தை இழப்பது குறித்த அச்சமே இத்தயக்கத்திற்குக் காரணம் என்றால், இரு ஆண்டுகளும் ஒரே அளவானவை அல்லவா? நோயின் பெயரே இங்கு உண்மையான தடையாகிறது.

இடைவெளி எவருக்கு எளிது?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளவை. மூன்றிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆயினும் ஓராண்டுத் தாமதம் என்பதன் பொருள் மூன்றிலும் ஒன்றன்று.

மாட்டுங்காவைச் சுற்றிக் கல்வி நிறுவனங்கள் நெருங்கி அமைந்துள்ளன. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகள், 1937இல் தொடங்கப்பட்ட ருயா கல்லூரி, கால்சா கல்லூரி, 1941இல் தொடங்கப்பட்ட பொத்தார் வணிகவியல் கல்லூரி, அவற்றினும் மூத்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை அனைத்தும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இத்தகைய சூழலில் வளரும் மாணவருக்கு மருத்துவச் செலவு பெருந்தடையன்று. அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஜூன், ஜூலையில் கல்லூரிக்குப் புறப்படும்போது தாம் மட்டும் வீட்டில் இருப்பதே தாங்க இயலாத சுமையாகிறது. மார்க்கும் மானமும் ஒன்றாகவே எண்ணப்படும் வீடுகளில் பெற்றோர் நோயை மறைப்பதிலேயே முதல் சில மாதங்களைச் செலவிட்டுவிடுகின்றனர். செம்பூரை ஒட்டிய அணுசக்தி நகர்க் குடியிருப்புகளிலும் உரத்தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குடியிருப்புகளிலும் பெற்றோரின் பணியோடு மருத்துவ வசதியும் சேர்ந்தே வருவதால் சிகிச்சை ஓரளவு எளிதில் கிட்டுகிறது.

தாராவியின் நிலைமை வேறு. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தோல் தொழிலுக்காகவும் பிற வேலைகளுக்காகவும் வந்து குடியேறியவர்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் இன்று கல்லூரி வயதில் உள்ளனர். அவர்களுள் பலருடைய குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆள் அந்த மாணவரே. ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீட்டில் 'ஓய்வு' என்பதற்கு இடமே இல்லை. பகலில் அதே அறையில் தையல் இயந்திரம் ஓடலாம், பலகாரம் தயாராகலாம். வீட்டிலிருக்கும் பிள்ளை வேலைக்குப் பயன்படும் கையாகிறது. எடுத்துக்காட்டாக, தொண்ணூறு அடிச் சாலைப் பகுதியில் வாழும் ஒரு மாணவி வணிகவியலில் நல்ல மதிப்பெண் பெற்றும், மாதக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எவரோடும் பேசாதிருக்கிறாள் என்று கொள்வோம். 'இந்த வருஷம் இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டார் கூறுகின்றனர். தீபாவளிக்குள் அவள் ஏதேனும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருப்பாள். பொங்கலுக்குள் ஊரிலிருந்து வரன் பேச்சு தொடங்கியிருக்கும். அடுத்த ஜூனில் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேச எவரும் இருக்கமாட்டார்கள்.

வசதியுள்ளோருக்கு ஒத்திவைப்பாக அமைவது வசதியற்றோருக்குக் கைவிடுதலாக முடிகிறது. ஆகவே ஓராண்டுத் தாமதம் நல்லதா தீயதா என்று பொதுவில் விவாதிப்பதால் பயனில்லை. திரும்பும் நாள் குறிக்கப்பட்டதா, சிகிச்சை தொடங்கப்பட்டதா, கல்லூரி இடத்திற்கு உறுதி உண்டா என்னும் மூன்றுமே ஒத்திவைப்பையும் கைவிடுதலையும் வேறுபடுத்துகின்றன.

ஓய்வா, சிகிச்சையா?

மருத்துவ நோக்கில் இரு செய்திகள் கவனத்திற்குரியவை. மனச்சோர்வுக்கான மருந்துகள் உடனே பலன் தருவன அல்ல. மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகும். நோய் தணிந்த பின்னரும் மருந்தை ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடருமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மே மாதம் சிகிச்சை தொடங்கினால் ஜூலை, ஆகஸ்டில் தேறுதல் தென்படும். அவ்வளவில் நின்றுவிடாமல் அடுத்த பிப்ரவரி, மார்ச் வரை தொடர வேண்டியிருக்கும். ஒரு கல்வியாண்டின் நீளமும் இச்சிகிச்சையின் நீளமும் ஏறத்தாழப் பொருந்துவது தற்செயலே என்றாலும் திட்டமிடுவதற்கு உதவுகிறது. மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்கள் முதன்முறை தோன்றும்போது சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்விளைவைக் கடுமையாக்கும். அங்கே கல்லூரிச் சேர்க்கையைவிட மருத்துவமனைச் சேர்க்கை முந்த வேண்டும்.

மற்றொரு செய்தி இதற்கு எதிர்த்திசையில் செல்வது. பதற்றக் கோளாறுகளில், குறிப்பாகப் பிறரைச் சந்திப்பதற்கு அஞ்சும் கோளாறில், அஞ்சும் சூழலை விட்டு விலக விலக அச்சம் வளரும். அத்தகைய மாணவருக்கு வெறும் ஓய்வாகக் கழியும் ஓராண்டு நோயை உறுதிப்படுத்திவிடக்கூடும். மனச்சோர்விலும் நாளின் ஒழுங்கு குலைவது தேறுதலைத் தாமதப்படுத்துகிறது. எனவே வீட்டிலிருக்கும் ஆண்டிலும் குறித்த நேரத்தில் எழுதல், நடத்தல், நூலகம் செல்லல், ஒரு சிறு பயிற்சி வகுப்பில் சேர்தல் ஆகியவை சிகிச்சையின் பகுதியே. தாமதம் தேவையா என்பதை மனநல மருத்துவர் மாணவரோடு கலந்து முடிவுசெய்ய வேண்டும். அண்டை வீட்டாரின் அனுபவமோ கோயில் வாசலில் கிடைக்கும் யோசனையோ அதற்கு ஈடாகாது.

இடம் காத்திருக்குமா?

இந்தியாவில் கல்லூரி இடம் அந்தந்த ஆண்டின் தரவரிசையோடு கட்டுண்டது. மருத்துவப் படிப்புக்கான நீட் மதிப்பெண்ணும், 2022இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் அவ்வாண்டுக்கே செல்லும். ஐ.ஐ.டி.க்களுக்கான உயர்நிலை நுழைவுத் தேர்வு இன்னும் கடுமையானது: அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே அதை எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பை முதன்முறை எழுதியது அதே ஆண்டாகவோ அதற்கு முந்தைய ஆண்டாகவோ இருத்தல் வேண்டும். பவாய் ஐ.ஐ.டி.யைக் கனவுகாணும் செம்பூர் மாணவர் நோயினால் ஈராண்டை இழந்தால் அந்த வாயில் முற்றிலும் மூடிவிடும். ஆனால் சேர்ந்த பிறகு நோயுற்றவருக்கு, மருத்துவக் காரணத்தின் பேரில் ஒரு பருவத்தை விட்டு மீண்டும் தொடர அத்தகைய நிறுவனங்களில் வழி உண்டு. உள்ளே நுழைந்தவர் விலகி நின்று திரும்பலாம்; நுழையும் முன்பே நோயுற்றவர் நிற்க இடமில்லை. இந்த முரண்பாடு மாணவர்களை நோயோடு கல்லூரிக்குள் தள்ளுகிறது.

பிற நாடுகள் சிலவற்றில் நடைமுறை வேறாக உள்ளது. பிரிட்டனில் இடம் பெற்ற மாணவர் பல்கலைக்கழகத்தின் இசைவோடு அடுத்த ஆண்டுக்குத் தம் நுழைவைத் தள்ளிவைக்கலாம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், தேர்வுபெற்ற மாணவர்கள் விரும்பினால் ஓராண்டு கழித்து வரலாம் என்று பல ஆண்டுகளாகவே ஊக்குவித்து வருகிறது. டென்மார்க் இதற்கு நேர்மாறாக, பள்ளி முடித்து இரண்டு ஆண்டுகளுக்குள் சேர்வோரின் சராசரி மதிப்பெண்ணை 1.08ஆல் பெருக்கிக் கணக்கிடும் முறையை 2009இல் கொண்டுவந்தது. இளைஞர்கள் விரைவில் படித்து விரைவில் வேலைக்கு வர வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

நம் நாட்டில் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. ஆகவே ஒரு மாணவருக்காக இடத்தைக் காலியாக வைத்திருக்க இயலாது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் இடத்தைக் காலியாக வைக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு அவ்விடம் பட்டியலில் அடுத்தவருக்குச் செல்லட்டும். நோயுற்ற மாணவருக்கு அடுத்த ஆண்டு கூடுதல் இடம் ஒன்று வழங்கலாம். தவறாகப் பயன்படும் என்ற அச்சத்திற்கும் விடை உண்டு. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுச் சான்று கட்டாயம் என்றும், இடைப்பட்ட ஆண்டில் வேறு நுழைவுத் தேர்வு எழுதினால் கூடுதல் இடம் இரத்தாகும் என்றும் விதி செய்தால், தரவரிசையை உயர்த்திக்கொள்ள இவ்வழியை நாடுவோர் தாமாகவே விலகிவிடுவர்.

இன்றுள்ள வாய்ப்புகள்

புதிய விதி வரும் வரை இருக்கும் விதிகளையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. முதலாவது கட்டணம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள்கள் முன்னதாகவே விலகுவோருக்கு, சிறு கழிவு நீங்கலாக, முழுக் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும். அதன் பின் 90, 80, 50 விழுக்காடு எனத் தொகை குறைந்து, கடைசி நாள் கடந்து 30 நாள்களுக்குப்பின் ஏதும் கிடைக்காது. அதன்பின் வந்த ஆண்டுகளில் இதனினும் தாராளமான தவணைகள் தனியே அறிவிக்கப்பட்டதும் உண்டு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் அடங்கும். தொழிற்கல்விச் சேர்க்கைக்குத் தனி விதிகள் உள்ளன. மனச்சோர்வின் ஆழத்தில் இருப்பவர் எதிர்காலத்தைப் பற்றி எடுக்கும் முடிவு பெரும்பாலும் இருண்டே இருக்கும். ஆதலின் கிடைத்த இடத்தில் முதலில் சேர்ந்துவிட்டு, சிகிச்சையும் தொடங்கி, முழுத் தொகை திரும்பும் கடைசி நாளுக்குமுன் மருத்துவரோடு கலந்து முடிவெடுப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, காலத்தைப் பற்றியது. 2024 ஜூனில் மானியக் குழு, ஆண்டுக்கு இருமுறை, அதாவது ஜூலை-ஆகஸ்டிலும் ஜனவரி-பிப்ரவரியிலும் சேர்க்கை நடத்த நிறுவனங்களுக்கு இசைவளித்தது. இது கட்டாயமன்று. பரவலாக நடைமுறைக்கு வந்தால் நோயுற்ற மாணவர் இழப்பது ஓராண்டு அன்று, அரையாண்டே. 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜனவரி, ஜூலை என இரு பருவச் சேர்க்கையை நெடுங்காலமாகவே நடத்தி வருகிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2021இல் ஏற்பட்ட கல்வி மதிப்புப் புள்ளி வங்கியில், படித்து முடித்த பகுதிக்கான புள்ளிகளை ஏழு ஆண்டுகள் வரை சேர்த்துவைக்கலாம். கல்லூரியில் சேர்ந்து ஒரு பருவம் முடித்தபின் நோய் முற்றியவர்களுக்கு இது பெரும் உதவி. சேரும் முன்பே நிற்க வேண்டியவர்களுக்கு இதனால் பயனில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, சட்டம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. நோய் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது; மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்தப் பணிக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெறுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு எனச் சான்று பெற்றவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடும் உச்சவயதில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. ஆனால் இச்சான்று நீடித்த நோய்க்கு உரியது. ஒருமுறை மனச்சோர்வுற்றுத் தேறிவரும் மாணவருக்கு இது பொருந்துவது அரிது. பெரும்பான்மையோர் இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கின்றனர்.

ஒரு பயிற்சி மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறும் அதற்கு மேலும் மாணவர் உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சேர்க்கைக்கு முன்னரே அந்த ஆலோசகரைக் காண மாணவரை அனுமதிப்பதற்குக் கல்லூரிக்குத் தடையேதும் இல்லை, செலவும் இல்லை.

தாய்மொழியில் பேசும் வசதி

தாராவிக்கு மிக அண்மையிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை. அதன் மனநலப் புறநோயாளிப் பிரிவும், தாராவிக்குள்ளேயே அது நடத்தும் நகர்ப்புறச் சுகாதார மையமும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டக்கூடியவை. பரேலில் கே.ஈ.எம். மருத்துவமனை உள்ளது. செம்பூரை அடுத்த தேவனாரில் 1954 முதல் இயங்கிவரும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 2012இல் தொலைபேசி வழி உளவியல் ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது; 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் 20 மொழிகளில் பேசலாம். தமிழும் அவற்றுள் ஒன்று.

மொழி இங்கே சிறு செய்தியன்று. மும்பையில் வளர்ந்த மாணவர் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுவார். அவருடைய தாயார் பெரும்பாலும் பேசமாட்டார். மருத்துவர் மாணவரிடம் இந்தியில் கூறுவதை மாணவரே தாயாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தம் நோயைத் தாமே குறைத்துச் சொல்லும் வாய்ப்பு அங்கே ஏற்படுகிறது. பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் சட்டப்படி பெற்றோரே அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் அம்முடிவு எடுக்கப்படுவது முறையாகாது. தமிழறிந்த மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் இத்தகைய புறநோயாளிப் பிரிவில் வாரத்தில் சில நாள்களேனும் இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும்.

மீண்டும் சேரும்போது

இடைவெளிக்குப்பின் விண்ணப்பிக்கும் மாணவரிடம் மகாராஷ்டிரத்தில் பொதுவாக 'இடைவெளிச் சான்று' கேட்கப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் வேறெங்கும் சேர்ந்து படிக்கவில்லை என்றும் என்ன காரணத்தால் படிப்பு நின்றது என்றும் உறுதிமொழியாக எழுதித் தர வேண்டியிருக்கும். இத்தாளைக் கண்டு அஞ்சியே சிலர் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகின்றனர். வேறு சிலர் பொய்க் காரணம் எழுதுகின்றனர். உறுதிமொழியில் பொய் எழுதுவது பின்னாளில் தொல்லை தரும். 'மருத்துவக் காரணம்' என்று எழுதினால் அது முழு உண்மை; நோயின் பெயரை விரிக்க வேண்டியதில்லை. கல்லூரி அலுவலரும் அதற்கு மேல் துருவிக் கேட்கத் தேவையில்லை. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தே புறநோயாளிச் சீட்டுகளையும், மாணவர் படிப்பைத் தொடரத் தகுதியுடையவர் என்று மருத்துவர் தரும் குறிப்பையும், பள்ளி விடுப்புச் சான்றையும், முந்தைய கல்லூரியில் விலகியிருப்பின் அதற்கான கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு வைத்திருத்தல் நன்று. அடுத்த ஆண்டு விண்ணப்பம் தொடங்கும் நாளையும் அந்த உறையின் மீதே எழுதி வைக்கலாம்.